சீனி முகம்மதுவின் சிபாரிசு

“ஏரியல் கட்டணுமா? தேவதாஸைப் பாருங்க. அவனை விட்டா இந்தக் கோல சிலாங்கூர்ல வேற ஆளே கிடையாது!”

கல்லாவில் உட்கார்ந்தபடி சீனி முகம்மது இப்படி அடித்துச் சொன்ன நேரத்தில், எதிர் மேசையில் ராஃபேல் டீயை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். டீ வாய்க்குப் போகவில்லை. சட்டைக்குப் போனது.

கேட்டவர் தஞ்சோங் காராங்கிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பெரியவர். புது டீவி வாங்கிய பூரிப்பு முகத்தில் வழிந்தது. “தேவதாஸ்... தேவதாஸ்...” என்று மறக்காமலிருக்க முணுமுணுத்துக்கொண்டே இறங்கி நடந்தார். ‘ராஃபேல் ரேடியோ - டீவி’ என்ற பலகைக்கு நேர் கீழே நடந்தார். அதை ஏறெடுத்தும் பார்க்காமல் சந்து திரும்பி, தேவதாஸ் வீட்டுப் பக்கம் மறைந்தார்.

ராஃபேலுக்கு வயிறு எரிந்தது. டீ சுட்ட இடத்தைவிட அதிகமாக எரிந்தது.

எரியாதா பின்னே? அது எண்பத்தைந்தாம் வருஷம். டீவியில் மூன்றாவதாக ஒரு சேனல் புதிதாக வந்திருந்தது. பழைய ஏரியலில் அது தலைகாட்டாது. மீன்முள் மாதிரி இருக்கும் புது ஏரியல் வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில்கூட கலர் டீவி வந்து உட்கார்ந்துவிட்ட காலம். ஏரியல் கட்டத் தெரிந்தவனுக்கு வீட்டுக்கு வீடு வேலை. ராஃபேலோ கிள்ளானில் ஒரு பெரிய கடையில் வருஷக்கணக்கில் அதே வேலையாக இருந்தவன். கூரையில் நின்று கம்பியை ஒரு விரல் அகலம் திருப்பினால், கீழே படம் எப்படி மாறும் என்று பார்க்காமலே சொல்வான்.

தேவதாஸ் போன வருஷம் வரை தகரக் கூரைகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன். கூரையில் ஏறத் தெரியும். அவ்வளவுதான். அவன் கட்டிய ஏரியல்களில் கதாநாயகன் வந்ததைவிட எறும்புக் கூட்டம் ஊர்ந்ததுதான் அதிகம்.

ஆனாலும் தேவதாஸுக்குத்தான் ஆள் போனது. காரணம் ஒன்றே ஒன்று. சீனி முகம்மதுவின் வாய்.

பஸ் நிலையத்துக்கு எதிரே அவருடைய சாப்பாட்டுக் கடை. ஊரில் எல்லோருக்கும் அவர் ‘காக்கா’. சொந்த அண்ணனைக் கூப்பிடுகிற உரிமையோடு கூப்பிடுவார்கள். தோட்டத்திலிருந்து, கம்பம் எனப்படும் கிராமங்களிலிருந்து, சுங்கை பெசாரிலிருந்து எவர் பஸ்ஸைவிட்டு இறங்கினாலும் முதலில் காக்கா கடைக்குத்தான் வருவார்கள். “காக்கா, பல் பிடுங்க யாருகிட்ட போறது?” “காக்கா, நல்ல தையல்காரர் யாரு?” “காக்கா, மாப்பிள்ளை பாக்கணும்.” டெலிபோன் புத்தகத்தைப் புரட்டுகிறவர்களும் காக்காவிடம் ஒரு பேரைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் புரட்டினார்கள்.

காக்கா எப்போதும் ஒரு பேர்தான் சொல்வார். தப்பித்தவறி இரண்டாவது பேர் சொன்னாலும் அதைக் காதில் வாங்க ஆள் இருக்காது. முதல் பேரைக் கேட்டதுமே கிளம்பிவிடுவார்கள்.

ராஃபேல் சட்டையைத் துடைத்துக்கொண்டு நேரே கல்லாவுக்குப் போனான்.

“காக்கா, நான் ஒருத்தன் இங்கதான இருக்கேன்?”

“இருக்கே தம்பி. யாரு இல்லேன்னா?”

“நான் இருக்கும்போது அந்தப் பெயிண்ட்காரன் பேரைச் சொல்றீங்களே!”

சீனி முகம்மது தாடியைத் தடவினார். “உனக்கு வேலை தெரியும்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தரை நம்பி ஊரை அனுப்புறதுன்னா சும்மாவா? நான் என் கண்ணால பாக்கணுமா இல்லையா?”

ராஃபேல் கடைச் சுவரில் மாட்டியிருந்த டீவியைப் பார்த்தான். செய்தி வாசித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு இரண்டு தலைகள் இருந்தன.

“இதை நான் சரி பண்ணித் தரேன். காசு வேணாம்.”

“காசு வேணாமா?” காக்காவின் முகம் மலர்ந்தது. “மதார் சாகிபு! தம்பிக்கு ஒரு ஏணி கொண்டா!”

டீ மாஸ்டர் மதார் சாகிபு ஏணி கொண்டுவந்தார். ராஃபேல் கூரையில் ஏறினான். பழைய ஏரியலைக் கழற்றி, தன் கடையிலிருந்த புதியதைக் கொண்டுவந்து பூட்டி, திசை பார்த்துத் திருப்பி, கம்பி முனையைச் சுரண்டி முறுக்கினான். கீழே “ஆஆ!” என்று ஒரு சத்தம். செய்தி வாசிக்கும் அம்மாவின் நெற்றிப் பொட்டு என்ன நிறம் என்பதை ஊர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது.

“கண்ணாடி மாதிரில்ல வச்சுட்டே தம்பி!” என்று காக்கா முதுகில் தட்டினார்.

சாயங்காலம் கடையில் நாற்காலி போதவில்லை. மறுநாள் பெஞ்சு வாங்கிப் போட்டார். பார்க்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டே டீ குடித்தார்கள். இடைவேளையில் ரொட்டி சானாய் தின்றார்கள். சண்டைக் காட்சி வந்தால் மீ கோரேங் சொன்னார்கள். தேவதாஸிடம் ஏரியல் கட்டி ஏமாந்த குடும்பங்களெல்லாம் அங்கேதான் இருந்தன. “தொழில்னா ஏத்தம் எறக்கம் இருக்கும்லா. வாங்க, உக்காருங்க. என்ன சாப்பிடுறீங்க?” என்று காக்கா அவர்களுக்கு ஆறுதல் சொன்னார்.

மூன்றாவது நாள் காலையில், தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் ஒரு மண்டோர் வந்து கேட்டார். “காக்கா, ஏரியலுக்கு யாரு?”

ராஃபேல் தன் கடை வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இதோ வருகிறது. இதோ...

“தேவதாஸ்!”

*

“இங்க பாருங்க,” என்றாள் ராஃபேலின் மனைவி அகதா. அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அடுத்த வருஷம் புள்ளையை எந்த ஊரு பள்ளிக்கூடத்துல சேக்குறதுன்னு தெரியணும். இந்த மாசத்துக்குள்ள ஒண்ணு இங்க வேலை வரணும். இல்லேன்னா கிள்ளானுக்குப் போயிடுவோம். ஜூலியஸ் இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை லோரியோட வரேன்னு சொல்லிட்டான்.”

ஜூலியஸ் அவள் தம்பி. கிள்ளானில் டயர் கடை வைத்திருந்தான். போனில் அவன் சிரித்த சிரிப்பு ராஃபேலின் காதில் இன்னும் இருந்தது. “வாங்க மச்சான்! டயருக்கு ஏரியல் தேவையில்லை. உருட்டத் தெரிஞ்சா போதும்.”

டயர். மைத்துனன் கையால் சம்பளம். ‘மச்சானுக்கு ஒரு டீ சொல்லுங்கடா’ என்று மற்ற ஆள்கள் முன்னால் ஓர் உபசாரம். ராஃபேல் கண்ணை மூடிக்கொண்டான். இந்த ஊரை விடக் கூடாது. அதற்கு ஒரே வழி, காக்கா வாயில் முதல் பேராக வருவதுதான்.

மறுபடியும் கல்லா முன்னால் போய் நின்றான்.

“காக்கா, இப்பத்தான் கண்ணால பாத்துட்டீங்களே?”

“பாத்தேன். மறுக்கலை. ஆனா நான் ஒருத்தன் பாத்தா போதுமா?” சீனி முகம்மது குரலைத் தாழ்த்தினார். “உன் பேரு நாலு வாயில வரணும் தம்பி. நாலு பேரு தானா வந்து, ‘ராஃபேலைப் போல உண்டா’ன்னு சொல்லணும். அப்பத்தான ஒரு பேருக்கு வெயிட்டு?”

ராஃபேலுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை பிறந்தது. பளிச்சென்று பிறக்கும் யோசனைகளை நம்பக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும், அகதாவின் அக்கா முரியல் தலைமையில் மாதா சங்கத்துப் பெண்கள் ஒரு மேசை நிறைய காக்கா கடையில் வந்து உட்கார்ந்தார்கள். டீயும் பலகாரமும் ராஃபேல் பேரில். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி: ‘ராஃபேல் கட்டிய ஏரியலில் படம் கண்ணாடி மாதிரி தெரிகிறது.’ அகதா வீட்டிலேயே சொல்லிப் பழக்கியிருந்தாள்.

ராஃபேல் மூலையில் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்.

முரியல் தொண்டையைக் கனைத்தாள். “ராஃபேல் கட்டுன ஏரியல்ல படம் கண்ணாடி மாதிரி தெரியுது!” என்று பஸ் நிலையம் வரை கேட்கச் சொன்னாள்.

சபாஷ் என்று பேப்பர் ஆடியது.

“அப்படியாம்மா?” என்றார் காக்கா. “வேற என்னா வேலை தெரியும் அவருக்கு?”

முரியல் திணறவில்லை. அவள் பிறந்ததிலிருந்து எந்தக் கேள்விக்கும் திணறியதில்லை. “என்னா தெரியாதுன்னு கேளுங்க! என் தையல் மெஷினைத் தொட்டாரு, பொறந்த புள்ளை மாதிரி ஆயிடுச்சு.”

பக்கத்தில் இருந்தவளுக்குத் தானும் ரொட்டி தின்றிருக்கிறோமே என்ற உறுத்தல். “எங்க ஐஸ்பெட்டியையும் அவருதான் சரி பண்ணாரு.”

“எங்க வீட்டுக்காரரோட மோட்டார் சைக்கிளு!”

“எங்க அண்ணனோட போட் இஞ்சின்!” என்றாள் அண்ணனே இல்லாத ஒருத்தி.

பேப்பர் மெல்ல மெல்ல மேசைக்குக் கீழே இறங்கியது.

*

மறுநாள் காலையில் ராஃபேல் கடையைத் திறந்தபோது வாசலில் கூட்டம். சந்தோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகுதான் அவர்கள் கையில் இருந்ததைப் பார்த்தான்.

ஒருவர் புல் வெட்டும் மெஷினோடு வந்திருந்தார். ஒரு மீனவர் தோளில் போட் இஞ்சின், எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. கூந்தல் உலர்த்தும் கருவியோடு கங்கா என்ற கிளினிக் நர்ஸ் நின்றாள். பழைய பாலத்துத் தோட்டத்து வள்ளியம்மா, லயத்துக்குப் பின்னால் கோழி வளர்ப்பவள், முட்டைகளை அடைவைக்கும் மின்சாரப் பெட்டியை ஒரு தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

ஏரியல் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு சொல்லிடவா?” என்று அகதாவிடம் கிசுகிசுத்தான்.

“சொல்லுங்க. எங்கக்கா பொய்க்காரின்னு ஊருக்கே அறிவிங்க. சங்கத்துல நான் தலைநிமிந்து நடக்க வேணாம்.”

சொல்லவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

புல் வெட்டும் மெஷின் ஓடத் தொடங்கியது, நிற்க மறுத்தது. அது கடைவீதி வழியே போன வேகத்தில், அதன் சொந்தக்காரர் அன்றுதான் பல வருஷத்துக்குப் பிறகு ஓடினார். போட் இஞ்சினைப் பிரித்துப் பூட்டியபோது கையில் கொஞ்சம் திருகாணி மிச்சம் இருந்தது. மீனவர் அதைப் பார்த்தார், ராஃபேலைப் பார்த்தார், இஞ்சினைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கங்காவின் கருவியிலிருந்து காற்று வந்தது, ஆனால் உள்ளே இழுத்தது.

வள்ளியம்மாவின் பெட்டிக்குத்தான் ராஃபேல் தன் அறிவு முழுவதையும் கொட்டினான். சூடு போதவில்லை என்று பழைய ரைஸ் குக்கர் ஒன்றின் கம்பியை எடுத்து உள்ளே பொருத்தினான். வள்ளியம்மா முட்டைகளை அடுக்கி, மாரியம்மனைக் கும்பிட்டு, மூடினாள்.

அடுத்த நாள் அவள் காக்கா கடைக்கே வந்து ஒரு முட்டையைக் கல்லாவின்மேல் ஓங்கித் தட்டினாள். உடைந்தது. ஓடவில்லை. ஆவி வந்தது.

“பாருங்க காக்கா! குஞ்சு வரும்னு பாத்தேன், பசியாறல் வந்துருச்சு! அத்தனை முட்டையும் வெந்துபோச்சு! ஏரியல் ஏரியல்னு சொன்னாங்களே, இந்த மனுசன் கட்டுற ஏரியலும் இப்படித்தான இருக்கும்?”

கடையே சிரித்தது. சீனி முகம்மது மட்டும் சிரிக்கவில்லை. முட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ராஃபேலை, ஒரு புது மரியாதையோடு பார்த்தார்.

“நெசமாவே எல்லாம் வெந்துருச்சா?”

“எல்லாம்!”

“ம்...” என்றார் காக்கா, யோசனையாக.

*

“தப்பு என்னான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு,” என்றான் ராஃபேல் அன்று சாயங்காலம். “எல்லாம் தெரிஞ்சவன்னு காட்டிக்கிட்டதுதான் தப்பு. ஒண்ணே ஒண்ணு. அதுல கரை கண்டவன்னு காட்டணும்.”

பலகையை இறக்கி, புதிதாக எழுதி ஏற்றினான்: ‘ராஃபேல் - ஏரியல் நிபுணர். ஏரியல் மட்டுமே.’ அதோடு விடவில்லை. சனிக்கிழமை டீவியில் தமிழ்ப் படம் போடுவதற்குச் சற்று முன்னால், மெலாவத்திக் குன்றின் அடிவாரத்தில் இருந்த திடலில், ஊரைக் கூட்டி ஏரியலைப் பற்றி ஒரு விளக்க உரை. உரை முடிந்ததும், ஊரிலேயே உயரமான ஏரியலில் படம். நேரில் பார்த்த பிறகு எவன் மறுப்பான்? எத்தனை வாய்? காக்காவால் சொல்லாமல் இருக்க முடியுமா?

மறுநாள் ஞாயிறு. ஜூலியஸின் லோரி வரும் நாள். கடைசிச் சீட்டு இது.

சனிக்கிழமை வந்தது. திடல் நிறைந்தது. தோட்டத்து ஆள்கள் பாயோடு வந்திருந்தார்கள். அகதா ஒரு பானை நிறைய கடலை அவித்துப் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தாள். நடுவில் தென்னை உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய். அதன் உச்சியில் அந்தி வெயிலில் மின்னும் மாபெரும் மீன்முள். முன்வரிசையில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? தேவதாஸ்!

ராஃபேல் நிமிர்ந்து நின்றான். திசை என்றால் என்ன, உயரம் எதற்கு, கம்பி முனையை ஏன் சுரண்ட வேண்டும், மழைத்தண்ணீர் இறங்காமல் எப்படி வளைக்க வேண்டும் என்று தெள்ளத் தெளிவாக விளக்கினான். கூட்டம் கடலை தின்றது. தேவதாஸ் மட்டும் வாய் பிளந்து கேட்டான்.

“அண்ணே, ஒரு சந்தேகம். கோலாலம்பூர்ப் பக்கமா திருப்பணும்ங்கிறீங்களா?”

“பின்னே? அங்கிருந்துதானே வருது! நீ எந்தப் பக்கம் திருப்புவே?”

“நான் கடல் பக்கமாத்தான் திருப்பி வப்பேன். பாக்க அழகா இருக்கும்ல?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஃபேலுக்கு வெற்றி உறுதியாகிவிட்டது. டீவியைப் போட்டான். தமிழ்ப் படம். முகங்கள் பளபளத்தன. “ஆஆ!” என்றது திடல். ஓரத்தில் நின்ற சீனி முகம்மதுவின் முகம் மட்டும் ஏனோ வாடியிருந்தது.

அந்த நேரத்தில்தான் குன்றின் மேலிருந்து அவை இறங்கி வந்தன.

மெலாவத்திக் குன்றின் குரங்குகளுக்கு அவித்த கடலை வாசனை வெகு தூரத்திலிருந்தே தெரியும். முதலில் ஒன்று. பிறகு குடும்பம். பிறகு உறவு முறையெல்லாம். பொட்டலங்களைப் பிடுங்கிக்கொண்டு, நிம்மதியாக உட்கார்ந்து தின்ன ஊரிலேயே உயரமான இடத்தைத் தேடின. தென்னை உயரத்துக்கு ஒன்று தயாராக நின்றது.

திரையில் கதாநாயகியின் கழுத்தில் வில்லன் கத்தியை வைத்திருந்தான். கதாநாயகன் ஜீப்பில் பாய்ந்து வந்துகொண்டிருந்தான். உச்சியில் ஒரு பெரிய கடுவன் குதித்து உட்கார்ந்தது. ஏரியல் ‘கிரீச்’ என்று திரும்பியது. எதிர்க்கரை சுமத்ராவைப் பார்த்து நின்றது.

ஜீப் மறைந்தது. அதற்குப் பதிலாக, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு இந்தோனேசியர் தோன்றி, வாத்து வளர்ப்பது எப்படி என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தார்.

“ஏய்! குத்துனானா இல்லையா?” என்று ஒரு குரல்.

“வாத்தைக் காட்டுறான்யா!”

ராஃபேல் குழாயைப் பிடித்து உலுக்கினான். வாத்துகள் தலைகீழாக நீந்தின. மேலிருந்து கடலைத் தோல் அவன் தலையில் கொட்டியது. எங்கிருந்தோ, “காக்கா கடையில தெரியும்டா!” என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான். பாயைச் சுருட்டிக்கொண்டு திடலே ஓடியது. சற்று நேரத்தில் அங்கே குரங்குகளும், ராஃபேலும், கடைசிக் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்த தேவதாஸும்தான் மிச்சம்.

“அண்ணே,” என்றான் தேவதாஸ், “அந்தக் கம்பி முனையைச் சுரண்டுறது எப்படின்னு இன்னொரு தரம் சொல்றீங்களா?”

சொன்னான். வேறு யார் இருந்தார்கள் சொல்ல?

வீட்டுக்குப் போகிற வழியில் காக்கா கடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். உள்ளே நிற்க இடமில்லை. ராஃபேல் கட்டிய ஏரியலில் கதாநாயகன் வில்லனைக் கண்ணாடி மாதிரி அடித்துக்கொண்டிருந்தான். அந்த நெரிசலை விலக்கிக்கொண்டு சீனி முகம்மது ஓடிவந்து, அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“மனசைத் தளரவிடாத தம்பி. உன்னை நான் இவ்வளவு நாளா சரியா எடை போடலை. இனிமே நான் பாத்துக்கிறேன்.”

பாவம், ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான் ராஃபேல்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லோரி வந்து நின்றது.

“மச்சான்! வாத்துக் கதை கிள்ளான் வரைக்கும் வந்துருச்சு!” என்று ஜூலியஸ் குதித்து இறங்கினான். கடைக்குப் பின்பக்கத்து வீட்டிலிருந்து கட்டில், அலமாரி, அகதாவின் மாதா சொரூபம் எல்லாம் ஏறின. ராஃபேல் கடைசியாகத் தன் பலகையைக் கழற்ற ஏணியில் ஏறினான்.

“ஐயா, ஏரியல் கட்டுற ராஃபேல் நீங்கதானா?”

கீழே ஒரு ஆள் நின்றார். கையில் புது டீவியின் விளக்கத் தாள்.

“ஆமா...”

“சீனி முகம்மது காக்கா அனுப்புனாரு. ஏரியல்னா ராஃபேல்தான், அவரை விட்டா ஆளே கிடையாதுன்னாரு.”

ராஃபேல் ஏணியிலிருந்து விழாமல் இருந்தது மாதாவின் கிருபை.

அவர் பேசி முடிப்பதற்குள் பின்னால் இன்னொருவர். “காக்கா சொன்னாரு...” அவருக்குப் பின்னால் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணி, காரில். “சீனி முகம்மது உங்க பேரைத்தான் சொன்னார். வேற யாரையும் பார்க்கவே கூடாதுன்னார்.”

அகதா வாசலில் நின்று மூவரையும் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

“ஜூலியஸ், கட்டிலை இறக்கு.”

“அக்கா, இப்பத்தான ஏத்துனேன்!”

“ஏத்தத் தெரிஞ்சவனுக்கு இறக்கத் தெரியாதா? மாதாவைப் பாத்துத் தூக்கு.”

அந்த வாரம் ராஃபேலுக்கு வாழ்க்கையிலேயே இனித்த வாரம். காலையில் ஒரு தோட்டம், மத்தியானம் ஒரு கம்பம். கூரை கூரையாக ஏறினான். உயிரைக் கொடுத்து வேலை செய்தான். போன இடமெல்லாம் படம் கண்ணாடி. வள்ளியம்மா வீட்டுக்கே போய், பணம் வாங்காமல் ஓர் ஏரியல் கட்டி, முட்டைக் கணக்கைத் தீர்த்தான். அவள் பால்கோவா கொடுத்தனுப்பினாள். அகதா பள்ளிக்கூடச் சீருடைக்குத் துணி எடுத்தாள், கோல சிலாங்கூரிலேயே. சாயங்காலங்களில் ராஃபேல் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் பலகையைத் தானே படித்துக்கொண்டான்.

‘ஏரியல் நிபுணர்.’ எவ்வளவு உண்மையான வார்த்தை! உழைப்புக்கு மரியாதை உண்டு. ஒன்றில் கரை கண்டவனை ஊர் கடைசியில் கண்டுகொள்ளத்தான் செய்யும்.

அப்படி அவன் நிறைந்திருந்த ஒரு சாயங்காலம்தான் தேவதாஸ் வந்தான். முகம் தொங்கியிருந்தது.

“என்னா தேவதாஸு?”

“புரியலைண்ணே. உங்ககிட்ட கேட்டதை வச்சு நாலு வீட்டுல புதுசா கட்டுனேன். சுரண்டுனேன், வளைச்சேன், கோலாலம்பூர்ப் பக்கம் திருப்புனேன். பளபளன்னு தெரியுது. என் வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தன் எனக்குக் கும்பிடு போட்டான். ஆனா அன்னைலேருந்து காக்கா என் பேரைச் சொல்றதே இல்லை!”

ராஃபேல் பெருந்தன்மையோடு அவன் தோளில் தட்டினான். “வருத்தப்படாத. அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல? காக்கா ஆளை எடை போட்டுத்தான் அனுப்புவாரு. நீயும் ஒருநாள் என் இடத்துக்கு வருவே.”

அப்போது காக்கா கடையிலிருந்து மதார் சாகிபு வந்தார். கையில் நுரை ததும்பும் டீ கிளாஸ். காக்கா சிபாரிசு செய்யும் ஆள்களுக்குத் தினமும் ஒரு டீ இலவசம். அது அந்தக் கடை வழக்கம்.

“வாங்க மதார் சாகிபு! என்னா விசேஷம்? கடையில கூட்டம் எப்படி?”

மதார் சாகிபு டீயை வைத்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கெஞ்சுகிற குரலில் மெதுவாகச் சொன்னார்.

“அண்ணே, அந்த முட்டையையும் வாத்தையும் பாத்து முதலாளி உங்களை மலை மாதிரி நம்பித்தான் ஆள் அனுப்புறாரு; நீங்களும் இந்தத் தேவதாஸ் மாதிரி வேலையைக் கத்துக்கிட்டு வீட்டுக்கு வீடு பளிச்சுனு கட்டி வச்சா, எங்க கடையில உக்காந்து டீவி பாக்க எவன்ணே வருவான்?”